மலரில் வந்த வரலாறு

என் மேசையில் ஒரு குடமுழுக்கு மலர் கிடக்கிறது. வழவழப்பான அட்டை. முதல் பக்கத்தில் மாலையோடு கோயில் தலைவர்; கடைசிப் பக்கத்தில் பாசிர் பெனம்பாங் மீன் உணவகத்தின் விளம்பரம். நடுவில் எங்கள் ரப்பர் தோட்டத்தின் வரலாறு. எழுதியவரும் தலைவர்தான். முந்தைய மலரிலும் இதே வரலாறு வந்தது. அது என் அக்காவின் படிப்பைத் தின்றது.

அக்கா பல்கலைக்கழக இறுதி ஆண்டு ஆய்வுக்குக் கோலசிலாங்கூர் பக்கமிருந்த எங்கள் தோட்டத்தையே எடுத்தாள். எங்களுக்கு வரலாறு என்றால் மலர்தான். வீட்டுக்கு வீடு சாமி மேடைக்குக் கீழே ஒன்று இருக்கும். பழைய வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் தலைவரின் தாத்தா, தொழிலாளர்களை மேற்பார்த்த அப்போதைய மண்டோர் என்று அதில் இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தாள். விரிவுரையாளர் தாளைத் திருப்பித் தந்தார். "இத எழுதுனவரு எதப் பாத்து எழுதுனாரு? வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சரிபாத்தாங்களா? கோயில் மலர்லா இது."

அக்கா நூலகத்தில் தேடி ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைப் பிடித்தாள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு: துரைமார் கடிதங்கள், போலீஸ் அறிக்கை, தொழிலாளர்களின் வாக்குமூலங்கள். மண்டோர் வேலைநிறுத்தத்தை நடத்தவில்லை, நடத்தியவர்களைக் காட்டிக்கொடுத்தார். அக்கா திருத்தி எழுதினாள். வீட்டிலும் சொன்னாள்.

நாங்கள் குடியிருந்த லயத்தை இடிக்கப்போகிற நேரம் அது. மாற்று வீட்டுக்குக் கம்பெனியிடம் பேசுகிறவர் தலைவர். சேதி கேட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, நாலு எழுத்து படிச்சிட்டா? வெள்ளக்காரன் கடுதாசி ஒசத்தி, நம்ம கோயில் புக்கு மட்டமா?" அவர் போனதும் அப்பா அழுதார். "வீடு போயிரும்மா. மாத்திருலா."

மறுபடி மலரில் இருந்தபடியே மாற்றினாள். விரிவுரையாளர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை பதில் தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆய்வு தேறவில்லை, பட்டமும் இல்லை. அந்த வீடும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அக்கா இன்று சபாக்கில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

புது மலரில் ஒரே ஒரு மாற்றம். மண்டோர் கதைக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள்: 'பல்கலைக்கழக ஆய்விலும் உறுதி செய்யப்பட்டது.' பக்கத்தில் அக்காவின் பெயர். மலரைப் பார்த்து எழுதித் தோற்ற ஆய்வு, இப்போது மலருக்கே சாட்சி.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஸ்கூல் ஆய்வுக்கு இது போதும்ல? அக்கா பேரு வேற போட்டிருக்கு, நம்பலாம்ல?"

பிடுங்கி வைத்துக்கொண்டேன். மேசையில் கிடப்பது அதுதான். எத்தனை வீட்டுக்குப் போய் நான் பிடுங்குவது?