ஈரல் பங்கு

இங்கே பின்லாந்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஐலா, ஏரியில் குளிக்கப் போவதற்கு முன் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து சமையலறை ஜன்னலில் வைப்பார். ஒரு மணி நேரம் அதை யாரும் தொடக்கூடாது. தூசி அடியில் தங்கி மேலே தெளிந்துவிட்டால் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மேற்பரப்பில் பச்சையாக ஒரு வளையம் ஏறி நின்றால் அன்றைக்குக் குளியல் இல்லை. அந்தப் பச்சைக்குப் பின்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சினிலெவா. நாம் நீலப்பச்சைப் பாசி என்று பாடத்தில் படித்தது. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீருக்குப் பரீட்சை வைத்துவிட்டுக் குளிக்கிற ஜனங்களை நான் பார்த்ததில்லை. இப்போது என் ஜன்னலிலும் ஒரு தம்ளர் இருக்கிறது. எத்தனை மணிக்கு மொண்டேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று நாட்குறிப்பில் எழுதி வைக்கிறேன்.

என் வேலையும் இந்தப் பாசியோடுதான். ஓர் ஆய்வுக்கூடத்தில், பாசி பொங்கிய ஏரிகளிலிருந்து வரும் மீன்களை அறுப்பவள் நான். இந்தப் பாசியில் சில வகைகள் விஷம் சுரக்கும். பாசி உயிரோடு இருக்கும்போது விஷம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும், அது செத்து உடையும்போது தண்ணீரில் கலக்கும். காய்ச்சினாலும் போகாது. மீனின் உடம்பில் அது அதிகமாகச் சேருமிடம் ஈரல். ஆகவே நான் செய்வது, மீனின் வயிற்றைக் கீறி, ஈரலை மட்டும் கிழியாமல் எடுத்து, எடை போட்டு, பெயர் ஒட்டி, உறைபெட்டியில் வைப்பது. இரண்டு ஜோடிக் கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் மேசைக்கு மருந்துக் கழுவல். இத்தனை வருஷத்தில் அந்த ஈரலை வெறும் விரலால் தொட்டதில்லை.

ஐலா ஒருமுறை எங்கள் ஊரில் ஏரி உண்டா என்று கேட்டார். உண்டு, மனிதர்கள் மண் சுமந்து கரை போட்டுக் கட்டியது, கோடையில் வற்றிவிடும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் அது ஏரி இல்லையே. வற்றியதற்கு யார் மேல் வழக்குப் போட்டீர்கள்?" என்றார். வற்றுவதுதான் எங்களுக்குக் கொண்டாட்டம், அன்றைக்குத்தான் மீன் பிடிப்போம் என்று விளக்கினேன். செத்துப்போன ஏரிக்கு நாங்கள் விருந்து வைக்கிறோம் என்று அவர் புரிந்துகொண்டார். மரியாதைக்காக மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். இந்த வைகாசியில் ஊருக்குப் போய் வந்த பிறகு, அவர் புரிந்துகொண்டதில் பெரிய தவறில்லை என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊருக்கு மேற்கே இருப்பது சின்ன ஏரி, தாங்கல் என்போம். அதன் மீன் குத்தகை பல வருஷங்களாக என் அண்ணன் ஏழுமலையிடம் இருக்கிறது. கரை கண்ணில் படும் முன்பே நாற்றம் வந்தது. அழுகிய முட்டைக்கோசும் பன்றித் தொழுவமும் கலந்த நாற்றம். கரையேறிப் பார்த்தேன். தண்ணீர் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பச்சைப் பெயின்ட்டை டப்பா டப்பாவாகக் கொட்டிக் காயவிட்டது போல ஓர் ஆடை. காற்று ஒதுக்கிய மூலையில் அது தடித்து, சுருங்கி, செத்த இடத்தில் நீலம் விட்டிருந்தது. நடுவே வெள்ளை வயிறு மேலாக ஜிலேபி மீன்கள். பெரிய கட்லாக்கள் சாகவில்லை, மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. மதகு ஓரம் கோழிப் பண்ணைக் கழிவு மூட்டைகள் வாய் அவிழ்ந்து கிடந்தன. எரு, சிறகு, ஒரு செத்த கோழியின் கால். அதன் மேல் புழு நெளிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் இதே பாசியைச் சின்னக் குழாயில் வைத்து அழகான பச்சை என்று சொல்லியிருக்கிறேன்.

"இன்னா செல்வி, வந்ததும் வராததுமா மூக்கப் புடிச்சிக்கினு நிக்கிற? பின்லாந்து மூக்கு ஆயிடுச்சா?" என்றார் அண்ணன்.

இதில் மீன் பிடிக்க வேண்டாம், பிடித்ததை விற்க வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கையைத் தண்ணீரில் விட்டார். மணிக்கட்டு முங்கும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டது.

"பாத்தியா? முழங்கை வரைக்கும் கைய வுடு, உள்ளங்கை தெரியலன்னா தண்ணி நல்லாக்கீதுன்னு அன்னிக்கு நோட்டப் பாத்து நீதானே படிச்ச? இப்ப மணிக்கட்டுலயே தெரியல. அப்ப டபுள் நல்லதுதானே?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். வெளியே எடுத்த கையில் பச்சை, கையுறை மாட்டியது போல ஒட்டியிருந்தது. அதை லுங்கியில் துடைத்துக்கொண்டு அதே கையால் பீடியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். காஞ்சிபுரத்தில் கல்லூரியில் விலங்கியல் படித்த வருஷங்களின் நாட்குறிப்புகள் வரிசையாக இருந்தன. அண்ணன் முதன்முதலாகக் குத்தகை எடுத்த கோடையில், மீன் வளர்ப்புப் பாடத்திலிருந்து அவருக்குப் படித்துக் காட்டியதை எழுதி வைத்திருந்தேன். கோழி எரு போட்டால் தண்ணீரில் நுண்பாசி வளரும், அதைத் தின்று மீன் வளரும். முழங்கையளவில் உள்ளங்கை மறைந்தால் போதுமான பச்சை. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. அதற்கு அடுத்த வரியாகப் பாடத்தில் இருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது: அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே கை மறைந்தால் எருவை நிறுத்த வேண்டும். அந்த வரி என் குறிப்பில் இல்லை. ஒன்றும் விடாமல் எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். அதை மட்டும் எழுதவில்லை, அண்ணனுக்குப் படித்துக் காட்டவும் இல்லை. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது மீன் வளர்வது மட்டும்தான். அந்தச் சிவப்பு அடிக்கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

மறுநாள் காலை ஏரி அழித்தார்கள். அழிப்பது என்றால் எங்கள் பக்கம் மிச்சத் தண்ணீரில் வலை இழுத்து மொத்த மீனையும் எடுத்துவிடுவது. காஞ்சிபுரத்து வியாபாரியின் ஐஸ் வண்டி வந்து நின்றது. ஊர் ஜனங்கள் பையோடு வந்தார்கள். வாங்குகிற மீனைக் கரையிலேயே அறுத்துக் கழுவிக் கொடுப்பது ஊர்க்கோடி இருளர் குடியிருப்பிலிருந்து வரும் ஐந்து பெண்கள். அவர்களுக்கு அன்றைய கூலி, அறுக்கிற மீன்களின் ஈரலும் குடல் கொழுப்பும் சினையும். இது எங்கள் தாத்தா காலத்து ஏற்பாடு. ஐந்து பேருக்கும் மூத்தவர் கன்னியம்மா. சின்ன வயதில் நான் பார்த்தபோதும் அவர் அருவாமணை எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டி, அதில் ஈரல்கள் குவிந்திருந்தன. எங்கள் மேசையில் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வைக்கிற அதே ஈரல். ஈ மொய்க்க, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு குடும்பத்தின் ராத்திரிச் சாப்பாடாக.

நான் குந்தி உட்கார்ந்தேன். "கன்னியம்மா, இந்த ஈரல எடுத்துக்கினு போவாதீங்க. பாசில வெஷம் கீது. அது ஈரல்லதான் போய்ச் சேருது."

"இன்னா செல்விம்மா, என்னப் போயி வாங்க போங்கன்னுக்கினு" என்று சிரித்தார். பிறகு கை நின்றது. "நல்லா கொதிக்க வச்சிட்டா?"

"கொதிச்சாலும் போவாது."

"ஜனங்க வாங்கிக்கினு போற துண்டத்துல?"

"அதுலயும் இருக்கலாம். கம்மியா."

"அவங்களுக்குக் கம்மி, எங்களுக்கு மொத்தமா" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து அண்ணனைக் கூப்பிட்டார். "நைனா! இந்த வாட்டி ஈரல் வேணாம். ஆளுக்கு ஒரு முழு மீனு குடு. தல, குடலு எல்லாம் எடுத்துப்புட்டு, வெறும் கறியா."

அண்ணன் தராசை விட்டு நிமிர்ந்தார். "இது இன்னா புதுப் பழக்கம்? எங்க தாத்தா காலத்துலேந்து ஈரல்தான்."

"ஒங்க தாத்தா ஏரில கோழிப் பீ கொட்னாரா?"

கரையே சிரித்தது. மீன் வாங்க நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஈரல்னா இரு, இல்லாங்காட்டி எழுந்து போ" என்றார். ஐந்து பேரும் அருவாமணைகளை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நான் மீன் வாங்க நின்றவர்களிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒங்க ஊர்ல மீனு ஐஸ்ல கெடக்கும். இது துள்ளுதும்மா" என்றார் ஒருவர். அறுக்க ஆளில்லாததால் ஜனங்கள் முழு மீனாகவே பையில் போட்டுக்கொண்டார்கள். ஐஸ் வண்டி நிறைந்து கிளம்பியது. "என் மீனு பேர என்கூடப் பொறந்தவளே கெடுக்கிற" என்றார் அண்ணன். அதன்பிறகு நான் ஊரில் இருந்த நாட்களில் என்னோடு பேசவில்லை.

கன்னியம்மாவின் சட்டி அங்கேயே கிடந்தது. நாய் வாய் வைக்கும் முன் அதைப் புதைத்துவிட வேண்டும் என்று மண்வெட்டி எடுத்து வந்தேன். அவர் திரும்பி வந்து, என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, நாலே வெட்டில் குழி எடுத்தார். சட்டியைக் கவிழ்த்தார். மிதித்து மூடினார். எத்தனை வீட்டுச் சோறு அந்தக் குழிக்குள் போயிற்று என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"வெஷம்னு சொல்லிட்ட, கேட்டுக்கினேன். இன்னிக்கு இன்னா திங்கறதுன்னு நீ சொல்லலியே" என்றார். மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "பரவால்ல. நேத்து மதகாண்ட பொறுக்கன நத்த கூடை நெறய கீது. அத வேவ வச்சிக்கிறோம்."

நத்தையும் இந்த விஷத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காலில் ஒட்டியிருந்த பச்சையை மண்ணில் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அது போகவில்லை.

"நீ வூட்டுக்குப் போ, செல்விம்மா" என்றார்.

வீட்டிலிருந்த அரிசியில் ஒரு மூட்டையை அண்ணியிடம் சொல்லி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. போன வாரம் அண்ணி போன் பண்ணினார். குத்தகை மறுபடி அண்ணனுக்கே கிடைத்திருக்கிறதாம். அடுத்த வருஷம் மீன் அறுக்க வேறு ஊரிலிருந்து ஆட்களை வரவழைக்கப் போகிறாராம். கூலி?

"அதேதான். ஈரலு" என்றார் அண்ணி. கோழிக் கழிவைப் பற்றிக் கேட்டேன். லோடு பேசியாகிவிட்டதாம்.

ஊரிலிருந்து கிளம்பும்போது ஒரு சின்ன பாட்டிலில் தாங்கல் தண்ணீர் எடுத்து, அயோடின் சொட்டுவிட்டு மூடிக் கொண்டுவந்தேன். இங்கே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஐலா குளிக்கிற ஏரியில் கோடையில் வருகிற அதே பாசி. அயோடின் பட்டு இரண்டும் ஒரே பழுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒட்டிய சீட்டைப் பார்க்காமல் எது எந்த ஏரி என்று எனக்கே தெரியாது. எங்கள் படிவத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் சில கட்டங்கள் நிரப்ப வேண்டும். இடம் என்ற கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். மாதிரி எடுத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். கடைசிக் கட்டம், பாசி பொங்கக் காரணம். இங்குள்ள ஏரிகளுக்கு அதில் வயல் உரம் என்றோ சாக்கடை என்றோ எழுதுவோம். கோழி எரு என்று எழுதினேன். மை காயும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அந்தக் கட்டத்திலும் என் பெயரையே எழுதினேன்.