'இல்லை' என்று இழுத்த கோடு

கிரேன் அக்கா பிடிவாதக்காரி. இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில், கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கூண்டில் பத்தொன்பது வருஷமாக அவள் ராஜ்யம்தான். நாற்பத்தேழு படி ஏறிப் போனால் சாப்பாட்டு நேரம்வரை இறங்க மாட்டாள். அவளை இறக்க வேண்டுமானால் கூண்டையே கழற்றி இறக்க வேண்டும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருவாள். மந்திரம் கிந்திரம் ஒன்றும் கிடையாது. மனசைக் குடைவது எதுவானாலும், 'இப்போது பயப்படுவது யார்?' என்று தன்னையே கேட்பாள்.

"காலங்காத்தால உன்னை நீயே பேட்டி எடுக்கிறியா?" என்பார் பேக்கரியில் வேலை பார்க்கும் கணவர்.

"ஆமா. ஆளு பதில் சொல்லத்தான் மாட்டேங்குது."

பதினோரு நாளுக்கு முன்னால், கொக்கியில் சுமை தொங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தரை ஒரு சுற்று சுற்றியது. மூன்றே விநாடி. கைப்பிடியை நடுவுக்குத் தள்ளி கிரேனை நிறுத்திவிட்டாள். கீழே நின்று கைச்சைகை காட்டும் சிக்னல்காரர், தண்ணீர் குடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைசுற்றல் திரும்ப வரவில்லை. வராது என்று யார் சொல்ல முடியும்? அன்றிலிருந்து காலையில் உட்கார்ந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்காமலே எழுந்துவிடுவாள்.

அப்போதுதான் வருடாந்திர உடல்தகுதிப் படிவம் வந்தது. இருபத்திரண்டு கேள்விகள். அதை யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. 'இல்லை' கட்டங்களின் மேல் தலையிலிருந்து கால்வரை ஒரே கோடு, கீழே கையெழுத்து. ஒரு காது சுத்தமாகக் கேட்காத வெல்டரும் அப்படித்தான் இழுப்பார். அவளும் இழுத்து, மேற்பார்வையாளர் மேஜையில் வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

கீழே சிக்னல்காரர் சங்கிலியை மாட்டிவிட்டு, தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார். அவள் கை கைப்பிடிமேல் இருந்தது, நகரவில்லை. பயப்படுவது யார்?

பதில் வந்தது. கூண்டை விட்டால் நான் யாருமில்லை என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். கத்தட்டும் என்று விட்டாள். அவள் கத்தி ஓய்ந்த பிறகு அடியில் இருந்தது வெறும் வெட்கம். கீழே நிற்கிற மனிதரை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஒப்புக்கொண்டதும் நெஞ்சு லேசானது, அதுதான் ஆச்சரியம். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது.

இறங்கினாள்.

"அந்த ஃபார்மைக் குடுங்க சார்," என்றாள் மேற்பார்வையாளரிடம்.

கோட்டை அடித்துவிட்டு, இருபத்திரண்டையும் எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். 'தலைசுற்றல் வந்ததுண்டா?' என்ற ஒன்பதாவதில் 'ஆம்' போட்டு, அது வந்த தேதியையும் எழுதினாள்.

"இத எழுதினா டெஸ்ட் முடியிற வரைக்கும் மேல ஏற விடமாட்டாங்கம்மா. அப்புறமும் விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. வாங்கிக்குங்க."

சிக்னல்காரரிடம் வேறு யாரும் போய்ச் சொல்வதற்குள் அவளே போய்ச் சொன்னாள்.

"பதினோரு நாளா?" என்றார் அவர்.

"ஆமாண்ணே."

"நான் கீழ நின்னேன்."

"தப்புதாண்ணே."

அவர் திரும்பி, மாட்டிய சங்கிலியைக் கழற்றப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மதியம் கூண்டில் வேறொருவர் ஏறினார். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை. தரையில் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று சிக்னல்காரர் பக்கத்தில் போய் நின்றாள். நாலு டன் வார்ப்பு அசைந்தபடி அவர்களை நோக்கி வந்தது. அவள் தன்னையறியாமல் ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள்.

"தினமும் எனக்கு இப்படித்தாம்மா இருக்கும்," என்றார் அவர், சுமையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல நீ இருக்கேன்னுதான் நிப்பேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.