சும்மா உக்காந்திருந்த மருதமுத்துவுக்கு

நயா பைசா வந்து பஸ்ஸுல எல்லாரும் கண்டக்டரோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தாங்களே, அந்த வருஷந்தான் திருச்சி கண்டோன்மெண்டுல எங்க கம்பெனி ஆபீசுல கரண்ட் விசிறி மாட்டினாங்க. அத ஏன் இப்பச் சொல்றேன்னா, இங்க பினாங்குல தெனம் கோப்பிக் கடையில போயி உக்காரறேன். தலைக்கு மேல விசிறி சுத்துது. என் வலது கால் கட்டைவெரல் தானா ஆடுது. பக்கத்துல உக்காரற மலாய்க்காரர் அகமது அதப் பார்த்துட்டு "காக்கி சாக்கிட்?"ம்பாரு. கால் வலியான்னு கேக்கறாரு. இல்லைன்னு தலையாட்டுவேன், நம்ப மாட்டாரு. ஒரு நாள் தைலம் கொண்டாந்து, அத்தனை பேரு பார்க்க என் காலைத் தூக்கி மடியில வெச்சுத் தேச்சு விட்டாரு. நம்ம ஊர்ல காலைத் தொட யோசிப்பாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. அது வலி இல்லைய்யா, முப்பது வருஷம் பங்கா இழுத்த காலுன்னு சொல்ல எனக்கு அவர் பாஷை வரல.

பங்கான்னா மேலேருந்து தொங்குற பெரிய துணி விசிறி. அதோட கயிறு செவுத்து ஓட்டை வழியா வெளி வராந்தாவுக்கு வரும். அங்க முக்காலியில நானும் மருதமுத்துவும். கை ஓஞ்சா கட்டைவெரல்ல கயித்தச் சுத்திக்கிட்டுக் காலால இழுப்போம். நான் பெரிய தொரை ரூமுக்கு, அவன் ஹெட்கிளார்க்கு ரூமுக்கு. கரண்ட் விசிறி வந்ததும் துணியக் கழட்டிட்டாங்க. எங்களக் கழட்டல. கயித்தையும் கழட்டல, உள்ள ஒரு ஆணியில மாட்டி அப்படியே விட்டுட்டாங்க. காலையில போயி முக்காலியில உக்காந்தா சாயங்காலம் எந்திரிக்கணும், அவ்வளவுதான் வேலை. ஹெட்கிளார்க்கு ஸ்ரீரங்கத்து அய்யங்கார். ஏதாச்சும் வேலை கொடுங்க சாமின்னு போயி நின்னேன். "யாருடா உன்னை எழுந்துக்கச் சொன்னா? பேர் ரிஜிஸ்தர்ல இருக்கு, சம்பளம் வர்றது. பேசாம உக்காரு"ன்னுட்டாரு.

மருதமுத்துவுக்கு அது ஒத்துக்கிச்சு. "அண்ணே, நாம இழுத்த காத்துல அவங்க தூங்கினாங்க. இப்ப அவங்க காத்துல நாம தூங்குவோம்"பான். எனக்குத் தூக்கம் வரல. ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துல குடியிருந்தோம், நானும் என் சம்சாரம் செல்லம்மாவும். புள்ளைகுட்டி இல்ல. அவகிட்ட அழுவேன். "உக்காந்திருக்கறது உங்களுக்கு வலிக்குதாக்கும். வலிச்சா எந்திரிச்சு நின்னுக்குங்க, வேலைய மட்டும் விட்டுறாதீங்க"ன்னு சொல்லுவா.

அப்புறம் ஒரு புது தொரை வந்தாரு. வராந்தாவுல தொங்குற கயித்தப் பார்த்துட்டு, என்னான்னு ஒரு இழு இழுத்தாரு. ஆணி கழண்டு அம்புட்டுக் கயிறும் ஓட்டை வழியா வந்து அவர் பூட்ஸ் மேல குவிஞ்சிச்சு. அவரு சிரிச்சாரு, ஹெட்கிளார்க்கு சிரிச்சாரு, மருதமுத்துவும் சிரிச்சான். எனக்கு மட்டும் சிரிப்பு வரல. என் வேலைய உருவி எல்லாரும் பார்க்கத் தரையில போட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு எந்திரிச்சவன்தான். பினாங்குல அக்கா மகன் கடை வெச்சிருந்தான், அவன் மூலமா பெர்மிட் வாங்கிக் கப்பலேறிட்டேன். அம்பது வயசுல. செல்லம்மா டேசனுக்கு வரல. "அழைச்சுக்கிறேன் புள்ள"ன்னேன். "கால் ஆறினதும் வந்துருங்க"ன்னா.

இங்க வேலைக்குப் பஞ்சமில்ல. துறைமுகத்துக் கிட்டங்கியில, குடாங்குன்னு சொல்லுவாங்க இங்க, மூட்டை தூக்கினேன். தோலு உரியும், மனசு நெறஞ்சிருக்கும். அவளுக்குப் பெர்மிட் இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு ரெண்டு வருஷம் போச்சு. பெர்மிட்டுக்குப் பதிலா மருதமுத்து கடுதாசி வந்துச்சு, யாரோ எழுதிக் கொடுத்தது. செல்லம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, இவன்தான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான். பன்னெண்டு நாள் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்திருக்கான். கேட்டதும் லீவு, அவன் இல்லாட்டி ஆபீசுல என்ன நின்னுடப் போவுது. பதிமூணாம் நாள் கொள்ளியும் அவன்தான் வெச்சான்.

எனக்கு எழுத்து தெரியாது. அக்கா மகனக் கூப்பிட்டுப் பதில் எழுதச் சொன்னேன். "வேலை வெட்டி இல்லாதவன், ஒனக்கு நேரம் இருந்துச்சு, போயி உக்காந்தே. என் பொண்டாட்டிக்குக் கொள்ளி வெக்க ஒன்னை யாரு கேட்டா"ன்னு. அவன் பேனாவ வெச்சுட்டான். "மாமா, இத எழுதணுமா?" எழுதுடான்னேன். எழுதினான். அதுக்கப்புறம் மருதமுத்துகிட்டேருந்து ஒரு வரி கிடையாது. இப்ப அந்த ஆபீசும் மெட்ராசுக்குப் போயிடுச்சாம். அவன் அரியமங்கலத்துப் பக்கம் எங்கியோ இருக்கான்னு கேள்வி.

பன்னெண்டு நாளு அவ பக்கத்துல உக்காந்திருக்க வேண்டியவன் நான். முக்காலியில உக்கார முடியலன்னு கடல் தாண்டி ஓடி வந்துட்டேன். மூட்டை தூக்குற தெம்பும் போயி, இந்த ஊர்லயும் சும்மாத்தான் உக்காந்திருக்கேன். நேத்து அகமது மறுபடி கேட்டாரு. இந்தத் தடவை ஆமான்னு தலையாட்டினேன்.

அன்னிக்கு அத எழுதின அக்கா மகன்தான் இதையும் எழுதறான். அரியமங்கலம் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இதப் படிச்சா மருதமுத்துவத் தேடிப் பாருங்க. வலது கால் கட்டைவெரல்ல கயிறு அறுத்த தழும்பு இருக்கும், எனக்கு இருக்கிற மாதிரியே. அவன் சும்மா உக்காந்திருக்கலன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவனுக்கும் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுங்க.