இன்பநாதன் எழுதிய சீட்டு

பாக்கியவதி டீச்சரின் வாய்க்கு ஈடுகொடுக்கப் புனே கண்டோன்மென்ட்டில் ஆள் கிடையாது. முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்த வாய். மீன்காரியிடம் மராட்டியிலேயே மல்லுக்கட்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோதும் ஓயவில்லை. அந்த வார்டு நர்ஸ் சுஷ்மாவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர்!

அப்பேர்ப்பட்டவரை இடுப்பு மூட்டு முடக்கிப் போட்டது. ஒரு வருடமாகக் கட்டிலும் நாற்காலியும்தான். மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். செய்யலாம், ஆனால் டயாலிசிஸ் உடம்புக்கு ஆபத்து கூடுதல் என்றார் கிட்னி டாக்டர். முடிவை மட்டும் இருவருமாகச் சேர்ந்து டீச்சர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த வீட்டில் பெரிய முடிவென்றால் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவார்கள். வீடு வாங்கியதும் மகளுக்கு மாப்பிள்ளை முடித்ததும் அப்படித்தான். கணவர் இன்பநாதன் ஒன்றில் ‘சரி’, ஒன்றில் ‘வேண்டாம்’ என்று எழுதி மடித்து வேதாகமத்துக்குள் வைப்பார். டீச்சர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்.

எடுத்தார். ‘வேண்டாம்.’

ஆண்டவர் சித்தம் என்று சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. நடக்கத் தனக்கு இத்தனை ஆசை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கணக்கு டீச்சர், விடையைச் சரிபார்க்காமல் விடுவாரா? மற்றச் சீட்டையும் பிரித்தார். அதிலும் ‘வேண்டாம்.’

“ஏங்க! ஆண்டவரையே ஏமாத்தப் பாக்கியளா?”

இன்பநாதன் தலையைத் தொங்கப்போட்டார். “நீ நடக்காட்டாலும் பரவால்ல பாக்கியம். நீ இருந்தாப் போதும் எனக்கு.”

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீரும் நிற்கவில்லை.

“இதச் சொல்ல ஒங்களுக்கு நாப்பது வருசமாச்சாக்கும்? பயந்தாங்கொள்ளி! எனக்கும் பயந்தான். ஆனா நான் நடக்கணும்ங்க. சீட்டும் கீட்டும் போதும், டாக்டருக்குப் போனப் போடுங்க.”

முந்தின நாள் டயாலிசிஸ் முடித்து, மறுநாள் மூட்டை மாற்றினார்கள். அதற்கடுத்த நாளே கையில் வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்தினார்கள். டீச்சர் அடிமேல் அடி வைக்க, இரு கைகளையும் நீட்டியபடி அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார் இன்பநாதன். கட்டில் காலில் இடறித் தடுமாறியதும் அவர்தான்.

“பாத்து, நீங்க விழுந்துராதிய,” என்றார் டீச்சர். “என்னால இப்பக் குனிஞ்சு தூக்க முடியாது.”