மடத்து அடுப்படியில் வந்த வாசனை

எங்கள் கொரிய மலையூருக்கு மேலே இருக்கிற மடம் புத்தர் பிறந்தநாள் ஒன்றுக்குத்தான் வெளியாட்களுக்குக் கதவைத் திறக்கும். மற்ற நாளெல்லாம் உள்ளே தியானம் நடக்கிறது என்பார்கள். சந்தையில் என் பக்கத்துக் கடையில் கிம்ச்சி என்கிற பூண்டு போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கும் மல்சுன் அக்கா மட்டும் நம்பமாட்டாள்.

"ஒழுங்கா இருக்கறவன் எதுக்குடி கதவைச் சாத்திக்கணும்?" என்பாள். முட்டை வண்டி மலைப்பக்கம் திரும்பினால் போதும், மடத்துக்குத்தான் போகிறதோ என்று எழுந்து நின்று பார்ப்பாள்.

திருநாளன்று ஊரே தாமரை விளக்குகளைப் பார்க்கப் போகும். அவள் நேராக அடுப்படிக்குப் போவாள். துறவிகள் பூண்டு, வெங்காயம் தொடக்கூடாது. அதனால் ஒவ்வொரு பானையாக மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பாள்.

இந்த வருஷம் பிடித்துவிட்டாள். வந்தவர்களுக்குக் கீரைச்சோறு கலந்து போட்டுக்கொண்டிருந்த துறவியின் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, அடுப்படியில என்னமோ வாசனை வருதே."

அவர் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "பூண்டுதானேம்மா? வருஷா வருஷம் இன்னைக்கு மட்டும் வரும். நீங்கள்லாம் கீழே இறங்கினதும் ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விடியற்காலையிலிருந்து பூண்டு உரித்த விரல்களை அக்கா மெதுவாக மோந்து பார்த்தாள். பிறகு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

இறங்கும்போது பாதி வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி, பூண்டே தொடாத மனுஷனுக்கு அது பூண்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?"