கறார் அக்கா போடாத கையெழுத்து

தகடு வெட்டும் அந்தக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கறார் அக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் "இது போகாது" என்று துண்டை ஓரம் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் அதே பதில்தான். பதினோரு வருடமாக லேசர் இயந்திரம் அவள் கையில் இருந்தது.

லேசர் என்றதும் எதையோ துப்பாக்கி மாதிரி ஆட்டிச் சுடுவதாகப் பலருக்கு நினைப்பு. ஒளியைப் பிறப்பிக்கிற பெட்டி இருந்த இடத்தை விட்டு இம்மியும் அசையாது. அதிலிருந்து வரும் கதிர் முதல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேசையின் நீளவாக்கில் ஓடும். முன்னும் பின்னும் நகரும் பாலத்தில் இரண்டாவது கண்ணாடி; அது கதிரைக் குறுக்கே திருப்பும். பாலத்தின் மேல் ஓடும் வெட்டுத் தலையில் மூன்றாவது. அது கதிரைக் கீழே லென்ஸுக்குள் இறக்கும். நடப்பதெல்லாம் கண்ணாடிகள், ஒளி அவை காட்டிய வழியில் போகும்.

மூன்று வாரமாக மேசையின் பின்பக்கத்தில் மட்டும் வெட்டு சரியாக விழவில்லை. முன்பக்கத் துண்டுகள் தட்டினால் உதிர்ந்தன. பின்பக்கத்தவை பிசிறோடு தகட்டைப் பிடித்துத் தொங்கின. சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். லென்ஸைத் துடைக்காதது என் கவனக்குறைவு, திங்கள் முதல் பேக்கிங்குக்கு மாறச் சம்மதம் என்று அவள் சொல்வதாக அவரே எழுதியிருந்தார். நல்ல தாராள மனசு!

வீட்டில் அவள் கணவன், பஸ் ஓட்டுபவன், சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"போட்டுத் தொலையேன். வேலையா போச்சு? இடம்தானே மாறுது."

"உன் பஸ்ஸை எவனோ இடிச்சா, நான்தான் இடிச்சேன்னு எழுதிக் குடுப்பியா?"

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான். செய்யாத தப்பைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களே என்ற கோபத்தில் அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

கையெழுத்து வாங்கியே தீருவதென்று மறுநாள் காலை சூப்பர்வைசர் பாலத்தை முன்னால், முதல் கண்ணாடிக்குக் கிட்டே நிறுத்திச் சோதனை காட்டினார். இரண்டாவது கண்ணாடியின் வாயில் காகித டேப் ஒட்டி, மூடியைச் சாத்தி, கதிரை ஒரு கணம் மட்டும் மெல்லிய துடிப்பாக விட்டார். டேப்பின் நட்டநடுவில் கரும்புள்ளி.

"பார்த்தியா? நானே மூணு வாரம் முன்னாடி கண்ணாடியை செட் பண்ணது. கதிர் கரெக்டா இருக்கு. லென்ஸ்தான் அழுக்கு."

"டேப்பை எடுக்காதீங்க சார். பாலத்தைப் பின்னாடி கொண்டுபோய் இன்னொரு தடவை விடுங்க."

"அதெல்லாம் தேவையில்ல."

"எனக்குத் தேவை."

அவரைக் கேட்காமலே பாலத்தைக் கடைசி வரை ஓட்டினாள். மூடியைச் சாத்தி, துடிப்பு விட்டுத் திறந்தாள். அதே டேப்பில் இரண்டாவது கரும்புள்ளி, முதலாவதிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி.

கூடமே எட்டிப் பார்த்தது. முதல் கண்ணாடி துளி சாய்ந்திருந்தால் பக்கத்தில் தெரியாது. தூரம் போகப் போகக் கதிர் விலகிவிடும். கிட்டே மட்டும் பார்த்து, கண்ணாடியைச் சாய்க்கும் திருகைத் திருப்பி, எல்லாம் சரி என்று மூடிவிட்டுப் போனவர் யார் என்று இனி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் கண்ணாடியின் திருகைக் கால் சுற்று திருப்பினாள். புது டேப், கிட்டே ஒரு துடிப்பு, தூரத்தில் ஒரு துடிப்பு. ஏழாவது டேப்பில் இரண்டும் ஒரே புள்ளியாக விழுந்தன. பின்மூலையில் வெட்டிய துண்டு தொடாமலே கழன்று விழுந்தது.

"சரி விடு, எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றார் சூப்பர்வைசர். "லெட்டரைக் கிழிச்சிடறேன்."

"கிழிக்காதீங்க சார். என் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதுங்க. லென்ஸை அடிச்சுட்டுத் திருகுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, அதன் சாவியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் பேனாவைத் திறக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவள் உட்காரவில்லை.