நகையை எடுத்தது யார்?

பக்கத்து வீட்டுக்காரி ஈரத்தலையில் துண்டோடுதான் துணி காயப்போட வருவாள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் இருவருக்கும் ஒரே கொடி. அவள் மாமியார் இறந்ததிலிருந்து, கருமாதி முடியும்வரை போடக்கூடாதென்று அவர்கள் வீட்டு டிவியைத் துணியால் மூடியிருந்தார்கள். நாடகக் கதையை என்னிடம்தான் கேட்பாள்.

"அக்கா, நகைய எடுத்தது யாருன்னு நேத்து காட்டிட்டாங்களா?"

"சின்ன மகன்தான்லா."

பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்தாள்.

"அத்தை மொதல்லேருந்து அவனத்தான் சொன்னாங்க. 'ஒங்களுக்கு என்னா தெரியும், வாய மூடிட்டு பாருங்க'ன்னேன். அவங்ககிட்ட நான் கடைசியா பேசுனது அதான்க்கா."

கருமாதி முடிந்தும் அந்த வீட்டில் டிவி சத்தம் கேட்கவில்லை. நாடக நேரத்தில் நானும் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். 'இன்னும் காட்டலை' என்று அன்றைக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.